வாசிக்காமல் விட்ட ஓலை

ஒரு கிழமையாக மாக்கிறட்டின் கண்ணுக்குப் பேசாலையில் நல்ல மனிசர் என்று ஒருவரும் தெரியவில்லை.

வேலிக்கு அப்பால் ஆராவது இருமினால் ஒட்டுக்கேட்கிறார்கள். "சுகமோ?" என்று கேட்டால் வீட்டுக் கதை விடுப்புப் பிடுங்க வருகிறார்கள். கேட்காமல் போனால் அது குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் முகம் பாராமல் போகிறார்கள். கடையில் சீனி நிறுத்துக் கொடுத்த பெடிச்சி சும்மா சிரித்ததற்குக்கூட, "என்ன பிள்ளை சிரிப்பு? ஆர் உனக்கு என்ன சொன்னது?" என்று நின்று கேட்டுவிட்டு வந்தவள் இவள்.

அவளையும் குறை சொல்லேலாது. பெற்ற வயிறு பற்றி எரிந்தால் வேறென்ன செய்வாள்?

இரண்டு ஞாயிறுக்கு முன் சுவேதினிக்கும் டிலோஜனுக்கும் முதலாம் ஓலை கோயிலில் வாசிக்கப்பட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லவேண்டும், தெரிந்தும் மறைத்தால் பாவம் என்று பங்குச் சுவாமி மூன்று ஞாயிறு வாசிப்பார். அதற்குப் பிறகுதான் கலியாணம். போன ஞாயிறு இரண்டாம் ஓலை. மாக்கிறட் புதுச் சேலை உடுத்தி முன் வாங்கில் இருந்தாள். சுவாமி வேறு இரண்டு சோடிகளின் பேரை வாசித்தார். இவள் மகளின் பேரை வாசிக்கவில்லை.

பூசை முடிய தாய், தகப்பன், மகள் மூன்று பேரையும் தான் தங்கும் அறைவீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சுவேதினிக்கு அடம்பனிலை ஏற்கெனவே எழுத்து முடிஞ்சிருக்கெண்டு ஒராள் வந்து சொல்லியிருக்கு. அது தெளியிறவரைக்கும் நான் வாசிக்க ஏலாது அம்மா."

எழுத்து! பதிவுத் திருமணம்! அவள் பெற்ற பிள்ளைக்கு, அவளுக்கே தெரியாமல்!

சுவேதினி அழுதுகொண்டு உடனேயே விசயத்தைச் சொன்னாள். அவள் அடம்பனில் ஒரு கடையில் கணக்கெழுதுகிற பிள்ளை. அங்கே கூட வேலை செய்த டினோஜா வீட்டுக்குத் தெரியாமல் விரும்பினவனைப் பதிவு செய்தபோது, இவள் சாட்சிக்குப் போய்க் கையெழுத்து வைத்திருக்கிறாள். அவ்வளவுதான். டினோஜாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று வீட்டில் சொல்லவில்லை. சுவாமி நம்பினார். நம்பினாலும், பதிவுகாரரின் கடிதம் ஒன்று கையில் வேண்டும் என்றார். அந்தப் பதிவுகாரரோ கிழமை முழுக்கக் கொழும்பில் நின்றுவிட்டு நேற்றுத்தான் வந்திருந்தார்.

இனி இரண்டே இரண்டு ஞாயிறுதான் மிச்சம். அதற்கு அடுத்த புதன் விபூதி. விபூதி வந்தால் தவக்காலம், தவக்காலத்தில் கலியாணம் இல்லை. டிலோஜனின் தாய் நேரடியாகவே சொல்லிவிட்டாள்: "தவக்காலத்துக்கு முன்னம் நடந்தால் நடக்கட்டும், இல்லையெண்டால் வேண்டாம்." ஆகவே நாளைக்கு ஓலை வாசிக்கவேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் போச்சு.

இப்படியாகச் சனிக்கிழமை விடிந்தது. தாயும் மகளும் அடம்பனுக்கு வெளிக்கிட்டார்கள்.

மாக்கிறட்டின் புருசன் பஸ்ரியன் கடலுக்குப் போய்விட்டிருந்தான். இந்தக் கிழமை முழுக்க அந்த மனிசனுக்குக் கடல்தான் வீடு. கரைக்கு வந்தால் வலையோடு குந்திவிடுவான். சோறு வைத்தால் பாதி, வைக்காவிட்டால் கேள்வியில்லை. பாவம், மகளை நினைத்து உருகுகிறார் என்று மாக்கிறட் நினைத்தாள்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் றெஜினாவின் வீடு. பஸ்ரியனின் கூடப்பிறந்த அக்கா.

மாக்கிறட்டின் கால் தானாகவே நின்றது.

"அம்மா, வேண்டாம். வாங்கோ," என்று சுவேதினி கையைப் பிடித்தாள்.

"விடடி."

மாக்கிறட்டின் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. போன வருசம் றெஜினா தன் மூத்தவனுக்குச் சுவேதினியைக் கேட்டவள். நெருங்கின சொந்தம் வேண்டாம் என்று மாக்கிறட்தான் தட்டிக்கழித்தாள். அதற்குப் பிறகு மச்சாள் வாசல் மிதிப்பது குறைந்துபோனது. பீடத்துக்குப் பூ வைக்கிறேன் என்று நாளுக்கு இரண்டு தரம் அறைவீட்டுப் பக்கம் போகிறவளும் அவள்தான். சுவாமியின் காதில் போட அவளை விட்டால் ஆருக்கு வசதி? கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வந்தது. மாக்கிறட்டுக்கு வந்தது.

றெஜினா முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்றாள். கிடுகுப் பாயில் கட்டா மீன் கருவாட்டை ஒவ்வொன்றாகப் பரத்திக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், பூ எல்லாம் வைச்சு முடிஞ்சுதோ? இண்டைக்கு அறைவீட்டிலை என்ன சொல்லிப்போட்டு வந்தனீங்கள்?"

றெஜினா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன மாக்கிறட், என்ன கதைக்கிறாய்?"

"ஒண்டும் தெரியாத மாதிரி நிக்காதேங்கோ! என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையிலை மண் போட்டது ஆரெண்டு எனக்குத் தெரியும்."

"தெரியுமோ?" என்றாள் றெஜினா. குரல் ஒரு மாதிரி இருந்தது. "உனக்கு ஆர் சொன்னது?"

இந்தக் கேள்வியே மாக்கிறட்டுக்குப் போதும். ஒன்றும் செய்யாதவள் ஆர் சொன்னது என்று கேட்பாளா? அவள் குனிந்தாள். இரண்டு கையாலும் வாசல் படலையடி மண்ணை அள்ளினாள்.

"ஐயோ அம்மா!" என்று சுவேதினி கத்தினாள்.

"அந்தோனியாரே! என்ரை பிள்ளையைப் பற்றிப் போய்ச் சொன்ன ஆள் ஆரெண்டாலும் நீர் கேட்டுக்குடும்! அந்த ஆளை இண்டைக்கே எனக்குக் காட்டித்தாரும்! அந்த வீடு சிரிக்கக்கூடாது, அந்த அடுப்பு எரியக்கூடாது!"

மண் கருவாட்டில் விழுந்தது. றெஜினாவின் காலிலும் விழுந்தது. தெருவில் சைக்கிளில் போன இரண்டு பேர் கால் ஊன்றி நின்று பார்த்தார்கள்.

றெஜினா குனிந்து கருவாட்டை ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினாள்.

"பாத்தியோ? வாயே திறக்கேல்லை. திறக்க வாய் இருந்தால்தானே," என்று மாக்கிறட் மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மன்னாரில் இறங்கி அடம்பன் பஸ் பிடித்தார்கள். பஸ் பாலத்தில் ஏறியபோதுதான் சுவேதினி வாய் திறந்தாள்.

"நீங்கள் கேட்டது நியாயமோ அம்மா, பழியோ?"

"இரண்டும் ஒண்டுதான்."

"ஒண்டில்லை. நான் இதை ஆண்டவரிட்டை விட்டிட்டன். அவர் பாத்துக்கொள்ளட்டும். நீங்கள் அவரை அவசரப்படுத்திறியள், ஆளையும் நீங்களே காட்டிக்குடுக்கிறியள்."

"உனக்கு நெஞ்சு பெரிசு. எனக்கு அவ்வளவு பெரிசில்லை."

"பெரிய நெஞ்சு இல்லை அம்மா." சுவேதினி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். "ஆரெண்டு தெரியாதபடியால்தான் எனக்கு மன்னிக்க ஏலுது. முகம் தெரியாத ஆளெண்டால் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி விட்டிடலாம். ஆளைத் தெரிஞ்சால் என்னாலை ஏலுமோ தெரியாது. அதாலைதான் சொல்லுறன், தேடாதேங்கோ."

முன் இருக்கையில் ஒரு பொம்பிளை காதைத் தீட்டிக்கொண்டிருப்பதாக மாக்கிறட்டுக்குப் பட்டது. அந்தப் பிடரியை முறைத்துக்கொண்டே வந்தாள். அது உயிலங்குளத்தில் இறங்கிப் போனது, பாவம், நல்ல நித்திரையில் இருந்து எழும்பி.

பதிவுகாரர் யோகராசாவின் வீடு அடம்பன் சந்தைக்குப் பின்னால். முன்னறைதான் கந்தோர். ஒரு மேசை, மூன்று கதிரை, ஒரு இரும்பு அலுமாரி. பதிவுகாரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து விசயத்தைக் கேட்டார். மாக்கிறட் அவரையும் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். புத்தகத்தை வைத்திருப்பவர் இவர், ஊருக்குக் கதை போனது இவர் வாயாலாகவும் இருக்கலாமல்லவா?

"இதுக்கென்ன அம்மா, கல்லிலை எழுதின மாதிரி இருக்கு," என்று அலுமாரியைத் திறந்து பெரிய புத்தகத்தை எடுத்து விரித்தார். "இந்தா பாருங்கோ. மணமகள் டினோஜா. மணமகன் இவர். கீழை சாட்சிகள் இரண்டு பேர். இரண்டாவது உங்கடை பிள்ளை."

மாக்கிறட் எழுத்துக் கூட்டி வாசித்தாள். சாட்சி என்று அச்சடித்திருந்தது. அதற்கு நேரே மகளின் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் நீளமாக இழுபட்டபடி.

மாக்கிறட் சிலுவை போட்டுக்கொண்டாள்.

யோகராசா கடிதம் எழுதத் தொடங்கினார். சுவேதினியின் போன் அடித்தது. "டிலோஜன்," என்று முகம் சிவந்து வெளியே போனாள். ஒரு கிழமைக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம்.

பதிவுகாரர் எழுதிக்கொண்டே சொன்னார்: "இந்தப் பக்கத்துக்கு நல்ல காலம். நான் கொழும்புக்குப் போறதுக்கு முதல்நாள், போன கிழமைச் செவ்வாய்க்கிழமையும், ஒராள் வந்து இதைத்தான் பாத்திட்டுப் போனவர்."

மாக்கிறட் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"ஆர்? பொம்பிளைதானே? உயரமா, கறுப்பா?"

"இல்லை, ஆம்பிளை."

தன் மூத்தவனை அனுப்பியிருக்கிறாள் எமகாதகி! "இளம் பெடியனோ?"

"பெடியனோ! ஐம்பத்தைஞ்சு, அறுபது இருக்கும். சாரமும் சேட்டும். கதிரை குடுத்தனான், இருக்கேல்லை. சுவேதினி எண்ட பிள்ளையின்ரை பேர் எழுத்துப் புத்தகத்திலை இருக்கோ எண்டு கேட்டார். ஓம், இருக்கெண்டன். காட்டச் சொன்னார், புத்தகத்தைத் திருப்பிக் காட்டினன். வாசிக்கத் தெரியாது போலை. கொஞ்சநேரம் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு இந்தக் கையெழுத்துக்கு மேலை விரலை வைச்சு, 'ஓம், இது என்ரை பிள்ளையின்ரைதான்' எண்டு சொல்லிப்போட்டு இறங்கிப் போட்டார்."

பேனை ஓடிக்கொண்டிருந்தது.

"தகப்பன் எண்டுதான் நினைச்சனான். ஏனம்மா, உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

பஸ்ரியனுக்கு அ, ஆ தெரியாது. ஆனால் மகளின் கையெழுத்துத் தெரியும். பள்ளிக்கூடத்துத் தாளில் அவள் முதன்முதல் கையெழுத்து வைத்தபோது, அந்த நீண்ட வாலைத் தடவிப் பார்த்து, "இதென்ன பிள்ளை, திருக்கைவால் மாதிரி," என்று சிரித்த மனிசன்.

"சொன்னவர், சொன்னவர்," என்றாள் மாக்கிறட். வாய் தானாகச் சொன்னது. "நான்தான் மறந்துபோனன்."

"விளக்கம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். அவர் நிக்கேல்லை," என்று யோகராசா கடிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சுவேதினி கடிதத்தைக் கைப்பையில் வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தாள். மாக்கிறட்டின் மனசு ஒரு நிமிசம் சும்மா இருக்கவில்லை.

அறைவீட்டில் இவள் சுவாமியோடு சண்டைக்கு நின்றபோது மனிசன் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு இருந்தாரே! சுவாமியும் அந்தப் பக்கம் திரும்பவேயில்லையே! சோறு இறங்காததும் இதற்குத்தானா? மகளை நினைத்து உருகுகிறார் என்று நான் மீன் பொரித்து வேறு வைத்தேனே, சீ!

பிறகு சந்தேகம் வேறு பக்கம் ஓடியது. இது அவராகச் செய்யக்கூடிய வேலையா? அக்காக்காரிதான் தம்பியை ஏவிவிட்டிருப்பாள். ஓம், அதுதான்! இந்த நினைப்பை மாக்கிறட் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதை விட்டால், காலையில் அள்ளிய மண் ஆர் வீட்டின் மேல் விழுந்தது என்று யோசிக்கவேண்டி வரும்.

பேசாலையில் இறங்கியதும் சுவேதினி கடிதத்தோடு நேரே அறைவீட்டுக்கு ஓடினாள். மாக்கிறட் வீட்டுக்கு நடந்தாள்.

பஸ்ரியன் வேப்பமர நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வெயில் சாயவில்லை.

"கடிதம் கிடைச்சுதோ?" என்றான் தலை நிமிராமல்.

"கிடைச்சுது. பதிவுகாரர் உங்களைச் சுகம் கேட்டவர்."

வலைக்குள் போன ஊசி வெளியே வரவில்லை.

"செவ்வாய்க்கிழமை போனனீங்களாம். கதிரை தந்தும் இருக்கேல்லையாம்." அவள் வலைக்கு முன்னால் வந்து நின்றாள். "உங்கடை அக்காதானே அனுப்பினவ? உண்மையைச் சொல்லுங்கோ!"

"அக்காவோ? அவளுக்கு இதிலை என்ன? அவளை இழுக்காதை." பஸ்ரியன் வலையை மடியில் போட்டான். "முதலாம் ஓலை வாசிச்ச அடுத்தநாள், திங்கக்கிழமை, கருவாட்டு யாவாரி அபூசாலி நானா கருவாடு ஏத்த வரேக்கை, 'மகளுக்கு அடம்பனிலை எழுத்து முடிஞ்சுது, எங்களுக்கு ஒரு வாய் சாப்பாடு இல்லையோ' எண்டு கேட்டார். பிள்ளை சேலை உடுத்துப் பதிவுகாரர் வீட்டு வாசலிலை பூவோடை நிண்டதைக் கண்டவராம். அந்தாள் நல்ல மனசோடைதான் கேட்டது. எனக்கு உயிர் போட்டுது."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே!"

"நீ அவளை வெட்டியிருப்பாய்."

அது உண்மைதான். மாக்கிறட் அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தாள். "அவளிட்டைக் கேட்டிருக்கலாமே! பெத்த பிள்ளைதானே!"

"எப்பிடிக் கேக்கிறது மாக்கிறட்? கேட்டு, ஓமப்பா எண்டு சொல்லிப்போட்டால்?" அவன் முகத்தைத் துடைத்தான். "அதுதான் புத்தகத்தைப் பாத்தன். கையெழுத்து இருந்துது. தடை தெரிஞ்சு மறைச்சால் பாவம் எண்டு சுவாமி வாசிச்சவர். எழுத்து முடிஞ்ச பிள்ளையை நானே கையிலை பிடிச்சுக் கொண்டுபோய் பீடத்திலை இன்னொருத்தனுக்குக் குடுக்கிறதோ? ஆண்டவருக்குப் பொய் சொல்லுறதோ? புதன்கிழமை போய்ச் சொன்னன்."

"சரி. ஞாயிற்றுக்கிழமை அவள் அழுது உண்மையைச் சொன்னாளே, அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு வாய் வரேல்லை." அவ்வளவுதான் சொன்னான்.

மாக்கிறட் படியில் இருந்துவிட்டாள். காட்டித்தாரும் என்று கேட்டாள், பொழுதுபடக் காத்திருக்காமல் காட்டியாயிற்று. இனி அந்த மிச்சத்தையும் அல்லவா கேட்டாள்? அந்த வீடு சிரிக்கக்கூடாது, அந்த அடுப்பு எரியக்கூடாது என்று! ஆண்டவரே, கேட்டதைத் தந்துவிடாதையும் என்று அவள் மனசு பதறியது. கூடவே, கருவாட்டில் விழுந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நின்ற மச்சாளின் முகமும் வந்தது. றெஜினாவின் காலில் விழவேண்டும். இன்றைக்கே விழவேண்டும்.

எழும்பத்தான் போனாள். படலை திறந்தது.

"அம்மா! அப்பா! சுவாமி நாளைக்கே வாசிக்கிறாராம்!" சுவேதினி மூச்சு வாங்க ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் றெஜினா வந்தாள். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலை. "மாமி கோயில் வாசலிலை நிண்டவ. எங்கள் எல்லாரோடையும் ஒரு கதை இருக்கெண்டு வாறா. அம்மா, நீங்கள் முதலிலை மாமியிட்டை மன்னிப்புக் கேளுங்கோ."

"ஓமடி பிள்ளை, கேக்கத்தான்..." என்று மாக்கிறட் இரண்டு அடி வைத்தாள்.

றெஜினா கையை உயர்த்தி நிறுத்தினாள். அவள் மாக்கிறட்டைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தடியில் இருந்த தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே மாக்கிறட்டுக்கு விளங்கிவிட்டது. புதன்கிழமை பஸ்ரியன் அறைவீட்டால் இறங்கி வந்தபோது பூவோடு நின்று கண்டவள் இவள். காலையில் "உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டதும் அதற்குத்தான்.

"மன்னிப்பு நான்தான் கேக்கவேணும்," என்றாள் றெஜினா. "சுவாமியிட்டைப் போய்ச் சொன்னது நான்தான் பிள்ளை. ஆரோ சொன்னதைக் கேட்டு, விசாரியாமல் சொல்லிப்போட்டன். உன்ரை கொம்மா திட்டினதிலை பிழையில்லை."

சுவேதினியின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. மாமியின் மடியில் வளர்ந்த பிள்ளை அவள். இவ்வளவு நாளும் அம்மாவோடு சண்டை பிடித்து மாமியின் பக்கம் நின்றவள்.

"நீங்களோ மாமி?" என்றாள் மெல்ல.

"ஓம்."

"என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே!"

"பிழைதான் பிள்ளை."

சுவேதினி கண்ணை மூடித் திறந்தாள். "அருள்நிறைந்த மரியே" என்று முணுமுணுத்தாள். பாதியில் நின்றுபோனது.

"மன்னிச்சிட்டன் எண்டு வாயாலை சொல்லலாம் மாமி. மனசு வரேல்லை. நாளைக்கு ஓலை வாசிக்கேக்கை நீங்கள் கோயிலிலை இருக்க வேண்டாம். கலியாணத்துக்கும் வர வேண்டாம். இனி இந்தப் படலைக்குள்ளையும் வராதேங்கோ."

காலையில் என்றால் இதைக் கேட்பதற்கு மாக்கிறட் அந்தோனியாருக்கு நூறு மெழுகுதிரி கொளுத்தியிருப்பாள்.

"சரி பிள்ளை," என்றாள் றெஜினா. "அப்பாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நல்லாப் போய் பீடத்திலை நில்லு. எனக்கு அது காணும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

பஸ்ரியன் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊசி கையில் இருந்தது. ஒரு கண்ணிகூடப் பொத்தவில்லை.

சும்மா இருந்தால் எல்லாம் நல்லபடி முடியும் என்று மாக்கிறட்டுக்குத் தெரியும். நாளைக்கு ஓலை, அடுத்த ஞாயிறு ஓலை, திங்கட்கிழமை கலியாணம். தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் சிரித்தபடி போவாள். வாயைத் திறந்தால் அந்தக் கையை அவள் பிடிப்பாளோ தெரியாது. ஆனால் நியாயம் வேண்டும் என்று தெருவில் நின்று கத்தினவள் ஆர்?

றெஜினா படலையில் கை வைத்துவிட்டாள்.

"மச்சாள், நில்லுங்கோ!"

"மாக்கிறட், வாயை மூடு!" என்று றெஜினா சீறினாள். அவள் அப்படிப் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

மாக்கிறட் வேப்பமரத்துப் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ. நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?"

"என்னத்தை அம்மா?" என்றாள் சுவேதினி.

அவள் தாயைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். பிறகு, மடியில் இருந்த வலை சரிய எழும்பி நின்ற தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா?"